ஒரு அமினோ ஆசிட் சங்கிலி தன்னோட வடிவத்தை எப்படி கண்டுபிடிக்குது?

தேன்சிட்டு

எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், இப்போ பெரிய மாலிக்யூல்கள் பத்தின யூனிட் ஓடிட்டு இருக்கு, புரோட்டீன், நியூக்ளிக் ஆசிட், பாலிசாக்கரைடு எல்லாம். ப்ரைமரி (அமினோ ஆசிட் வரிசை), செகண்டரி (ஹீலிக்ஸ், ஷீட்), டெர்ஷியரி (முழு மடிப்பு), குவாட்டர்னரி (பல சங்கிலி சேர்றது)ன்னு நாலு நிலையையும் எழுத சொன்னா எழுதிடுவேன், படமும் போட்டுடுவேன். ஆனா எந்த பாடத்தை எடுத்தாலும் கடைசில "ஸ்ட்ரக்சர் தான் ஃபங்ஷனை தீர்மானிக்குது"ன்னு ஒரு வரி வந்து முடிஞ்சிடுது, அது எப்படின்னு யாரும் சொல்றதில்ல. எனக்கு அங்கேயே மனசு நின்னுடுது.

என் சந்தேகம் மூணு. ஒண்ணு, ரைபோசோம்ல (செல்லுக்குள்ள புரோட்டீன் செய்யற மெஷின்) இருந்து வெளிய வர்றப்போ புரோட்டீன் வெறும் சங்கிலி தான், 20 வகை அமினோ ஆசிட் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கோத்திருக்கும், அவ்ளோ தான். அதை இப்படி மடி அப்படி மடின்னு யாரு சொல்றா? ஒவ்வொரு தடவையும் அதே வடிவத்துக்கு எப்படி வந்து சேருது?

ரெண்டு, ஹீமோகுளோபின்ல ரெண்டு ஆல்ஃபா, ரெண்டு பீட்டான்னு நாலு சங்கிலி, மொத்தம் 574 அமினோ ஆசிட் இருக்கு, பீட்டா சங்கிலில 6வது எடத்துல ஒண்ணே ஒண்ணு மாறினா சிக்கிள் செல் நோய் வருது. ஆனா அதே மாதிரி புரோட்டீன்கள்ல வேற வேற உயிரினத்துக்கு நடுவுல ஏகப்பட்ட எடம் மாறியிருந்தும் வேலை அப்படியே நடக்குதுன்னும் படிக்கிறோம். ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்?

மூணு, இந்த ஸ்ட்ரக்சர் ஃபங்ஷன் கதை எல்லாம் புரோட்டீனுக்கு மட்டும் தானா, இல்ல மத்த பெரிய மாலிக்யூலுக்கும் இதே லாஜிக்கா? செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் ரெண்டுமே குளுக்கோஸ் தான, அப்புறம் ஏன் இவ்ளோ வித்தியாசம்?

மனப்பாடம் பண்ண ஷார்ட்கட் வேணாம், காரணம் வேணும். பொறுமையா சொல்றவங்க இருந்தா ரொம்ப நன்றி.

ரிப்பன்வரைபடம்

முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கிறேன், ஏன்னா மத்த ரெண்டுக்கும் வேர் அங்க தான் இருக்கு.

யாரு மடிக்கிறான்னு கேட்டீங்கள்ல, பெரும்பாலும் சுத்தி இருக்கிற தண்ணி தான். பாடத்துல செகண்டரி முதல்ல வரும், டெர்ஷியரி அப்புறம் வரும், அதனால நம்ம மனசுல முதல்ல ஹீலிக்ஸ் சுத்துது பிறகு அது மடியுதுன்னு ஒரு படம் விழுந்துடுது. அதை கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு 20 அமினோ ஆசிட்டையும் ஒரே கேள்வி கேட்டு பாருங்க, உனக்கு தண்ணி பிடிக்குமா பிடிக்காதா? லைசின், ஆர்ஜினின், அஸ்பார்டேட், குளுட்டமேட் இதுக்கெல்லாம் சார்ஜ் இருக்கு, தண்ணியோட நல்லா ஒத்துப்போகும். லூசின், ஐசோலூசின், வேலின், ஃபினைல் அலனின் இதெல்லாம் வெறும் கார்பன் ஹைட்ரஜன் கூட்டம், தண்ணியோட ஹைட்ரஜன் பாண்ட் போட அதுங்ககிட்ட ஒண்ணுமே கிடையாது.

அப்படி ஒரு குரூப் தண்ணிக்குள்ள நின்னா அதை சுத்தி இருக்கிற தண்ணி மாலிக்யூல்கள் தங்களோட ஹைட்ரஜன் பாண்டை விட்டுக்கொடுக்காம இருக்கறதுக்காக ஒரு மாதிரி ஒழுங்கா அடுக்கி நிக்க வேண்டியதா போகுது, சுதந்திரம் குறையுது, அதாவது என்ட்ரோபி குறையுது. இந்த தண்ணி பிடிக்காத குரூப் எல்லாம் ஒண்ணா சேந்து உள்ள ஒளிஞ்சுக்கிட்டா அத்தனை தண்ணி மாலிக்யூலும் விடுதலை ஆகி ஓடும், மொத்த என்ட்ரோபி ஏறும். சங்கிலி மடியறதால சங்கிலியோட என்ட்ரோபி குறையுதே அது எப்படி தானா நடக்கும்னு கேக்கறவங்க தண்ணியை கணக்குல சேக்காம கேக்கறாங்க. எண்ணெய் துளிகள் தண்ணில ஒண்ணு சேர்றதும் இதே காரணத்தால தான். 1959ல வால்டர் காஸ்மன் இதை புரோட்டீனுக்கு தெளிவா எடுத்து வச்சார்.

இப்போ அடுத்த சிக்கல், இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச எடம். லூசின் வேலின் எல்லாம் உள்ள போகணும்னா அதோட ஒட்டியிருக்கிற முதுகெலும்பும் (சங்கிலியோட நடு இழை) சேந்து தான உள்ள போகணும்? அந்த முதுகெலும்புல ஒவ்வொரு பெப்டைடு பாண்ட்லயும் (ரெண்டு அமினோ ஆசிட்டை கோக்கிற பாண்ட்) ஒரு சிஓ (கார்பன்-ஆக்சிஜன்), ஒரு என்எச் (நைட்ரஜன்-ஹைட்ரஜன்) இருக்கு, ரெண்டும் தண்ணியோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டுட்டு இருந்தது. உள்ள போனா தண்ணி கிடையாது. துணை இல்லாம விட்டா எனர்ஜி கணக்குல பெரிய நஷ்டம். அதனால ஒரு சிஓ இன்னொரு என்எச்சை பிடிச்சுக்கணும். எல்லா சிஓவும் எல்லா என்எச்சும் ஒழுங்கா ஜோடி சேர்ற மாதிரி ஒரு சங்கிலியை அடுக்க வழி ரொம்ப கம்மி, அதுல முக்கியமானது ரெண்டு, ஒண்ணு சுருளா போற ஆல்ஃபா ஹீலிக்ஸ், இன்னொண்ணு பக்கத்துல பக்கத்துல அடுக்கின பீட்டா ஷீட். அதாவது செகண்டரி ஸ்ட்ரக்சர்ங்கிறது முதுகெலும்பை உள்ள புதைக்கறதுக்கு இருக்கிற வழி. 1951ல பாலிங், கோரி, பிரான்சன் மூணு பேரும் ஆல்ஃபா ஹீலிக்ஸை கணக்கு போட்டு சொன்னாங்க, ஒரு சுத்துக்கு 3.6 அமினோ ஆசிட், முழு எண்ணா இல்லாம 3.6ன்னு வரும்னு ஏத்துக்கிட்டது தான் அதுல பெரிய துணிச்சல்.

இன்னொண்ணு, சங்கிலி இஷ்டத்துக்கு எல்லா பக்கமும் வளையாது. பெப்டைடு பாண்ட் தட்டையா விறைப்பா இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஃபை, சை கோணங்கள் மட்டும் தான் சுழலும், அதுலயும் பாதிக்கு மேல அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். மெட்ராஸ் யூனிவர்சிட்டில ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் 1963ல போட்ட வரைபடம் இது தான், எந்த கோணம் அனுமதி எது முட்டும்னு. இன்னிக்கும் புதுசா ஒரு புரோட்டீன் ஸ்ட்ரக்சர் தீர்த்தா சரியா இருக்கான்னு முதல்ல ராமச்சந்திரன் பிளாட்ல போட்டு தான் பாக்கறாங்க.

சரி, வடிவத்துக்கு வேண்டிய தகவல் எல்லாம் சங்கிலிலயே இருக்குன்னு எப்படி தெரியும்? கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ்ங்கிற என்சைமை எடுத்தார், 124 அமினோ ஆசிட், அதுல 8 சிஸ்டீன் ஜோடி ஜோடியா 4 டைசல்ஃபைடு பாண்டா (ரெண்டு சல்ஃபர் சேர்ற பாண்ட்) இருக்கும். மடிப்பை கலைக்கற யூரியாவும் டைசல்ஃபைடை உடைக்கற மெர்கேப்டோஎத்தனாலும் போட்டு முழுசா அவிழ்த்து விட்டார், வேலை போச்சு. ரெண்டையும் மெதுவா வெளிய எடுத்து காத்துல விட்டா தானா மடிஞ்சு திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சுது. 8 சிஸ்டீனை ஜோடி சேக்க 105 வழி இருக்கு, அது சரியான ஒண்ணை தானா பிடிச்சுது. யூரியா இருக்கும்போதே டைசல்ஃபைடு போட விட்டா தாறுமாறா சேந்து 1 சதவீதம் அளவுக்கு தான் வேலை செஞ்சுது, ஏன்னா அங்க தண்ணியோட தள்ளுதல் வேலை செய்யல. அதுக்கப்புறம் யூரியாவை எடுத்துட்டு துளி மெர்கேப்டோஎத்தனால் விட்டா தப்பான பாண்டை எல்லாம் அவிழ்த்து மாத்தி மாத்தி திரும்ப சரியான வடிவத்துக்கே வந்து சேந்துச்சு! அதுக்கு தான் 1972 நோபல்.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மடிஞ்ச நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மோலுக்கு சுமார் 20லேர்ந்து 60 கிலோ ஜூல் தான், நாலஞ்சு ஹைட்ரஜன் பாண்ட் அளவு கூட சில நேரம் தேறாது. இவ்ளோ பெரிய மாலிக்யூல் இவ்ளோ சின்ன லாபத்துல நிக்குது. அதனால தான் கொஞ்சம் சூடு, கொஞ்சம் பிஎச் மாறினாலே அவிழ்ந்துடுது, அதனால தான் வேலை செய்யறப்போ வளைஞ்சு கொடுக்கவும் முடியுது.

தேன்சிட்டு

செகண்டரி ஸ்ட்ரக்சர் ஏன் வருதுன்னு இப்படி யாரும் எனக்கு சொன்னதில்ல, ரொம்ப ரொம்ப நன்றி. இப்போ மடிஞ்சாச்சு சரி. மடிஞ்சதால வேலை எப்படி வருது? ஒரு உருண்டையா ஆனதும் அது எப்படி திடீர்னு என்சைம் ஆகுது?

செரின்195

இந்த கேள்விக்கு தான் காத்துட்டு இருந்தேன், என் பேரே அதுல இருந்து தான் வெச்சேன்.

கைமோட்ரிப்சின் எடுங்க, மத்த புரோட்டீனை வெட்டுற என்சைம், சுமார் 240 அமினோ ஆசிட். அதுல வெட்டுற வேலை செய்யறது முக்கியமா மூணு பேர், 57வது ஹிஸ்டிடின், 102வது அஸ்பார்டேட், 195வது செரின். நம்பரை பாருங்க, சங்கிலில ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ தூரம். அவிழ்ந்து கிடக்கிற சங்கிலில இந்த மூணும் சந்திக்கவே சந்திக்காது, செரினும் சாதாரண செரின் தான், ஒண்ணையும் வெட்டாது. மடிஞ்சதும் மூணும் கை கோக்கிற தூரத்துல வந்து நிக்குது. அஸ்பார்டேட் ஹிஸ்டிடினை சரியான திசைல பிடிச்சு வைக்குது, ஹிஸ்டிடின் செரினோட ஹைட்ரஜனை உருவுது, அந்த செரினோட ஆக்சிஜன் வெறி பிடிச்ச மாதிரி போய் பெப்டைடு பாண்டோட கார்பனை தாக்குது. பெப்டைடு பாண்ட் தண்ணில தானா உடைய நூத்துக்கணக்கான வருஷம் ஆகும், இங்க ஒரு செகண்டுக்குள்ள முடியுது.

அதனால "மடிப்பு"ன்னா வெறும் உருண்டை ஆகறது இல்ல. சங்கிலில தூரத்துல இருக்கறவங்களை கூட்டி ஒரு எடத்துல, ஒரு கோணத்துல, தண்ணி எட்டாத மாதிரியோ எட்டற மாதிரியோ நிறுத்தறது. மீதி 200 சொச்சம் அமினோ ஆசிட் என்ன பண்ணுதுன்னா பெரும்பாலும் அந்த மூணு பேரையும் அந்த எடத்துல பிடிச்சு வைக்கற வேலை தான்.

இன்னும் பாருங்க. ட்ரிப்சினும் கைமோட்ரிப்சினும் மடிப்புல கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதே மூணு பேர் தான் வெட்டறாங்க. ஆனா ட்ரிப்சின் லைசின், ஆர்ஜினினுக்கு அடுத்து வெட்டும், கைமோட்ரிப்சின் ஃபினைல் அலனின், டைரோசின், ட்ரிப்டோஃபேனுக்கு அடுத்து வெட்டும். காரணம், பக்கத்துல ஒரு பை மாதிரி குழி இருக்கு, அதோட அடில 189வது எடத்துல ட்ரிப்சினுக்கு அஸ்பார்டேட், மைனஸ் சார்ஜ், பிளஸ் சார்ஜ் இருக்கிற லைசின் நீளமா உள்ள போய் அதை தொடும். கைமோட்ரிப்சினுக்கு அதே எடத்துல செரின், சார்ஜ் கிடையாது, குழி எண்ணெய் பசையா அகலமா இருக்கும், வளையம் இருக்கிற பெரிய குரூப் வசதியா உக்காரும்.

அதோட சப்டிலிசின்னு ஒரு பாக்டீரியா என்சைம் இருக்கு, அதோட மடிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பரிணாமத்துல தனி வழி. ஆனா அங்கயும் அஸ்பார்டேட், ஹிஸ்டிடின், செரின், அதே கோணத்துல! எண்கள் மட்டும் 32, 64, 221. இயற்கை ரெண்டு தனித்தனி வழில வந்து அதே மூணு பேரை அதே மாதிரி நிக்க வெச்சிருக்கு. வேலை எங்க இருக்குன்னு இதுக்கு மேல தெளிவா எதுவும் காட்டாது, ஒட்டுமொத்த உருவத்துல இல்ல, அந்த சில அணுக்கள் நிக்கிற நிலைல இருக்கு.

பழையசென்ட்ரிஃப்யூஜ்

தம்பியோ தங்கச்சியோ, ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் பா. ரத்தம் தான் நான் ரொம்ப வருஷம் பாத்த விஷயம்.

சிக்கிள் செல்ல பீட்டா சங்கிலியோட 6வது எடத்துல குளுட்டமேட் போய் வேலின் வருது. எல்லாரும் அதனால ஹீமோகுளோபின் கெட்டுப்போச்சு, மடிப்பு கலைஞ்சுபோச்சுன்னு நினைக்கறாங்க. அப்படி இல்ல. மடிப்பு அப்படியே இருக்கு, ஆக்சிஜனையும் பிடிக்குது. அந்த 6வது எடம் மாலிக்யூலோட வெளிப்பக்கம் இருக்கு. அங்க சார்ஜ் இருக்கிற குளுட்டமேட் தண்ணியோட சந்தோஷமா நின்னுது, இப்போ தண்ணி பிடிக்காத வேலின் வெளிய துருத்திட்டு நிக்குது. ஆக்சிஜன் விட்ட நிலைல பக்கத்து ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலில 85வது ஃபினைல் அலனினும் 88வது லூசினும் சேந்து ஒரு சின்ன எண்ணெய் பசை குழியா வெளிய தெரியும். வேலின் அதுல போய் கச்சிதமா செருகிக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி 14 இழை சேந்த கயிறு மாதிரி நீள்து, சிவப்பணுவையே உள்ள இருந்து தள்ளி அரிவாள் வடிவமா ஆக்குது. மேல ரிப்பன்வரைபடம் தண்ணியை பத்தி சொன்னாங்களே, அதே விசை தான், ஒரு சங்கிலிக்குள்ள நடக்க வேண்டியது ரெண்டு மாலிக்யூலுக்கு நடுவுல நடக்குது.

இதுக்கு ஆதாரம் மாதிரி ஒண்ணு சொல்றேன். அதே 6வது எடத்துல குளுட்டமேட்டுக்கு பதிலா லைசின் வந்தா அது ஹீமோகுளோபின் சி. மைனஸ் போய் பிளஸ், சார்ஜ் கணக்குல பாத்தா வேலினை விட பெரிய மாற்றம். ஆனா அந்த நோய் ரொம்ப லேசானது, அந்த மாதிரி கயிறு உருவாகாது, ஏன்னா லைசினுக்கு தண்ணி பிடிக்கும், அந்த குழிக்குள்ள போக அதுக்கு ஆசை கிடையாது. எத்தனை மாறிச்சுங்கிறது கேள்வியே இல்ல, எங்க மாறிச்சு, எதுக்கு பதிலா எது வந்துச்சுங்கிறது தான்.

மறுபக்கம் பாரு. தசைல ஆக்சிஜன் வைக்கிற மயோகுளோபினும் ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியும் ஒப்பிட்டா நாலுல ஒரு பங்கு அமினோ ஆசிட் தான் ஒத்துப்போகும். ஆனா கென்ட்ரூ மயோகுளோபினையும் பெரூட்ஸ் ஹீமோகுளோபினையும் எக்ஸ்ரே வெச்சு தீர்த்தப்போ ரெண்டு மடிப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு தெரிஞ்சுது, 1962ல ரெண்டு பேருக்கும் சேத்து நோபல். உள்ள இருக்கிற லூசின் ஐசோலூசினா மாறலாம், தண்ணி பிடிக்காத குணம் போகல. வெளிய இருக்கிற லைசின் ஆர்ஜினினா மாறலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா ஹீமோட (ஆக்சிஜன் ஒட்டற இரும்பை நடுவுல வெச்சிருக்கிற தட்டையான குரூப்) இரும்பை பிடிச்சிருக்கிற ஹிஸ்டிடின் மாறாது.

அப்புறம் ஒரே மடிப்பு இருந்தும் வேலை ஏன் வேறன்னு கேட்டா, ஹீமோகுளோபின் நாலு பேர் சேந்த கூட்டம். ஆக்சிஜன் வந்து ஒட்டினா இரும்பு சுமார் 0.4 ஆங்ஸ்ட்ரம் நகந்து ஹீமோட தளத்துக்குள்ள வருது, அது ஹிஸ்டிடினை இழுக்குது, ஹிஸ்டிடின் தான் இருக்கிற ஹீலிக்ஸை இழுக்குது, கடைசில ஒரு ஆல்ஃபா பீட்டா ஜோடி இன்னொரு ஜோடிக்கு எதிரா சுமார் 15 டிகிரி திரும்புது. ஒரு அணுவை விட கம்மியான அசைவு முழு மாலிக்யூலையும் திருப்புது பாரு. அதனால ஒருத்தர் ஆக்சிஜன் பிடிச்சா மத்தவங்களுக்கு பிடிக்க சுலபமாகுது, நுரையீரல்ல ரொப்பிட்டு திசுல போய் கொட்ட முடியுது. மயோகுளோபின் தனி ஆள், பிடிச்சா விட மனசு வராது, தசைல சேத்து வைக்க அது தான் சரி.

நோய் பத்தி ஒரு வார்த்தை. கருவுல இருக்கிற குழந்தைக்கு பீட்டா இல்ல, காமா சங்கிலி, அங்க இந்த மாற்றம் கிடையாது. ஹைட்ராக்ஸியூரியாங்கிற மருந்து கொடுத்தா காமா சங்கிலி உள்ள அந்த ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறுது, அது நடுவுல கலந்தா கயிறு நீளாது. 2023ல அனுமதி கிடைச்ச கிரிஸ்பர் (ஜீனை திருத்தற முறை) சிகிச்சையும் அதே காமா சங்கிலியை திரும்ப எழுப்பற வேலை தான் செய்யுது. ஸ்ட்ரக்சரை புரிஞ்சுக்கறது நோயாளி வரைக்கும் போய் சேருது பா, வெறும் பரிச்சைக்கு இல்ல.

நாணல்

எல்லாம் அருமை, ஆனா முதல் பதில்ல ஒரு எடம் எனக்கு உறுத்துது. எல்லா தகவலும் சங்கிலிலயே இருக்கு, தண்ணி மடிச்சிடும்னு சொல்றது ரைபோநியூக்ளியேஸ் மாதிரி சின்ன புரோட்டீனுக்கு அழகா பொருந்தும். இன்சுலின் எடுங்க. 51 அமினோ ஆசிட், ரெண்டு சங்கிலி, நடுவுல டைசல்ஃபைடு. அன்ஃபின்சன் பண்ணின மாதிரி அந்த டைசல்ஃபைடை உடைச்சு விட்டா சரியா திரும்ப சேராது, கொஞ்சம் தான் தேறும். ஏன்னா அது முதல்ல புரோஇன்சுலினா, 86 அமினோ ஆசிட் உள்ள ஒரே சங்கிலியா மடிஞ்சு, டைசல்ஃபைடு போட்டுட்டு, அப்புறம் நடுத்துண்டை வெட்டி எடுத்துடறாங்க. மடிக்கறதுக்கு உதவின துண்டு இப்போ இல்ல.

அதோட செல்லுக்குள்ள நெரிசல், மடிஞ்சு முடிக்காத புரோட்டீன் வெளிய நீட்டிட்டு இருக்கிற எண்ணெய் பசை பக்கத்துல இன்னொண்ணு வந்து ஒட்டிக்கும், ரெண்டும் கட்டி ஆகிடும். அதுக்கு தான் ஷாப்பரோன்னு தனி புரோட்டீன்களே இருக்கு. க்ரோஈஎல் பாருங்க, 7 பேர் ஒரு வளையம், அப்படி ரெண்டு வளையம், நடுவுல ஒரு அறை, மேல க்ரோஈஎஸ் மூடி. ஒரு புரோட்டீனை உள்ள விட்டு மூடி, ஏடிபி (செல்லோட எனர்ஜி மாலிக்யூல்) செலவு பண்ணி, தனியா இருந்து மடிஞ்சுக்கோன்னு விடுது.

இன்னும் ஒரு படி மேல போனா நிலையான வடிவமே இல்லாத புரோட்டீன்கள் இருக்கு. பி53ங்கிற கேன்சரை தடுக்கற புரோட்டீனோட முன் பகுதி சும்மா இருக்கும்போது அலைஞ்சுட்டே இருக்கும், எம்டிஎம்2ங்கிற இன்னொரு புரோட்டீன் வந்து பிடிச்சா தான் அந்த எடத்துல ஹீலிக்ஸா சுருளும். அந்த அலைச்சல் அதோட வேலைக்கே தேவை, ஏன்னா ஒரே துண்டு பல பேரோட பேச முடியுது. அப்போ "வடிவம் இருந்தா தான் வேலை"ங்கிற வரியை அப்படியே கல்வெட்டா எடுத்துக்க கூடாது.

ப்ரையான் இருக்கவே இருக்கு. அதே அமினோ ஆசிட் வரிசை, ஒரு வடிவத்துல பெரும்பாலும் ஹீலிக்ஸ், ஒண்ணும் பண்ணாது. இன்னொரு வடிவத்துல பீட்டா நிறைய, அது பக்கத்துல இருக்கிறதையும் தன் மாதிரி ஆக்கி மூளையை அழிக்குது. புரோட்டீன் தனியாவே நோயை பரப்ப முடியும்னு சொன்ன ப்ருசினருக்கு 1997ல நோபல் கொடுத்தாங்க. ஒரு வரிசைக்கு ஒரே வடிவம்னா இது எப்படி?

ரிப்பன்வரைபடம்

நாணல், இன்சுலினும் பி53ம் நீங்க சொன்னது சரியான எல்லைக்கோடு, சேத்ததுக்கு நன்றி. ஷாப்பரோன் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும், க்ரோஈஎல் உள்ள வர்ற புரோட்டீனுக்கு வடிவத்தை கத்துக்கொடுக்கல, ஒரே அறைல எத்தனையோ விதமான புரோட்டீன் போய் தனித்தனி வடிவத்தோட வெளிய வருது. தப்பா ஒட்டிக்கறதை தடுக்குது, தப்பா மடிஞ்சதை அவிழ்த்து இன்னொரு வாய்ப்பு கொடுக்குது. வடிவத்தோட தகவல் அப்பவும் சங்கிலில தான். இன்சுலின்லயும் தகவல் முழு சங்கிலில இருந்துச்சு, பாதியை வெட்டினதுக்கப்புறம் தான் போச்சு.

ப்ரையான் தான் உண்மைலேயே யோசிக்க வைக்குது. மடிஞ்ச நிலை மட்டும் தான் அடிமட்டம்னு இல்ல, பல மாலிக்யூல் சேந்து பீட்டா அடுக்கா ஒட்டினா அதை விட ஆழமான பள்ளம் இருக்கலாம். நடுவுல பெரிய மேடு இருக்கறதால சாதாரணமா யாரும் அந்த பக்கம் போறதில்ல. அதனால "அடையக்கூடிய தூரத்துல இருக்கிற நல்ல பள்ளம்"னு சொல்றது தான் நியாயம்.

அந்த தூரம் பத்தி லெவிந்தல் 1969ல கேட்டது தேன்சிட்டுக்கு பிடிக்கும். 100 அமினோ ஆசிட், ஒவ்வொண்ணுக்கும் 3 நிலை தான்னு வெச்சா கூட 3ஐ 100 தடவை பெருக்கணும், 48 இலக்க எண் வரும். செகண்டுக்கு 10 லட்சம் கோடி, அதாவது 10 டிரில்லியன் வடிவம் தேடினாலும் பிரபஞ்சத்தோட வயசு பத்தாது. ஆனா நிஜத்துல சின்ன புரோட்டீன் மில்லிசெகண்டுல மடிஞ்சுடுது. அப்போ அது தேடல, ஒவ்வொரு சின்ன நல்ல சேர்க்கையும் அடுத்ததை சுலபமாக்குது, சரிவுல இறங்கற மாதிரி இறங்குது.

பீட்டா1-4

மூணாவது கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க.

ஸ்டார்ச்ல குளுக்கோஸ் ஆல்ஃபா 1-4, செல்லுலோஸ்ல பீட்டா 1-4. ஒரு ஆக்சிஜன் கீழ்பக்கமா மேல்பக்கமாங்கிறது மட்டும் தான் வித்தியாசம். ஆல்ஃபாவா இருந்தா ஒவ்வொரு குளுக்கோஸும் கொஞ்சம் திரும்பி சங்கிலி சுருளும், சுத்துக்கு 6 குளுக்கோஸ், அந்த சுருளுக்குள்ள அயோடின் போய் உக்காந்தா தான் லேப்ல நீலக்கலர் வருது. பீட்டாவா இருந்தா ஒண்ணு விட்டு ஒண்ணு 180 டிகிரி திரும்பி சங்கிலி நேரா கோல் மாதிரி போகும், பக்கத்து சங்கிலியோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டு கட்டு கட்டா அடுக்கும், தண்ணி உள்ள நுழையவே எடம் இருக்காது. அதனால ஒண்ணு சேமிப்பு, ஒண்ணு சுவர். ஸ்டார்ச்சை உடைக்கற நம்ம உடம்போட அமைலேஸ் என்சைம் அந்த சுருளுக்கு ஏத்த மாதிரி செஞ்சது, நேர் கோலை அதால பிடிக்க முடியாது.

கிளைக்கோஜனும் அதே ஆல்ஃபா தான், ஆனா 8லேர்ந்து 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. கிளை நிறையன்னா நுனி நிறைய, என்சைம் நுனில இருந்து தான் வெட்டும், அதனால அவசரத்துக்கு ஒரே நேரத்துல ஏகப்பட்ட எடத்துல இருந்து குளுக்கோஸ் கிடைக்கும். இங்க ஸ்ட்ரக்சரும் ஃபங்ஷனும் எவ்ளோ நேரடியா இருக்கு பாருங்க, புரோட்டீனை விட இது எனக்கு இன்னும் அழகா தோணும்.

நியூக்ளிக் ஆசிட்ல ஒரே ஒரு உதாரணம். ஆர்என்ஏல சர்க்கரையோட 2வது கார்பன்ல ஒரு ஓஎச் அதிகம். அது பக்கத்துல இருக்கிற பாஸ்பேட்டை தாக்கி சங்கிலியை தானே உடைச்சுக்கும், அதனால ஆர்என்ஏ நிலைக்காது. டிஎன்ஏல அந்த ஓஎச் இல்ல, காலத்துக்கும் தகவல் வைக்க அது. ஆனா அதே ஓஎச், ஒற்றை இழையா இருந்து தன் மேலேயே மடிய முடியறது, இதெல்லாம் சேந்து தான் ஆர்என்ஏவால என்சைம் வேலையும் செய்ய முடியுது. செக், ஆல்ட்மன் ரெண்டு பேரும் அதை கண்டுபிடிச்சு 1989ல நோபல் வாங்கினாங்க. ரைபோசோம்ல பெப்டைடு பாண்ட் போடற எடத்தை சுத்தி இருக்கறதும் ஆர்என்ஏ தான், 2009ல வெங்கி ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் மூணு பேருக்கும் ரைபோசோம் ஸ்ட்ரக்சருக்கு தான் நோபல். புரோட்டீனை செய்யற மெஷினோட மையமே புரோட்டீன் இல்ல!

தேன்சிட்டு

நான் எதிர்பாத்ததை விட எவ்ளோ அதிகம், எல்லாருக்கும் மனசார நன்றி. ஹீமோகுளோபின் சி விஷயம் படிச்சதும் தான் ரெண்டாவது கேள்வி முழுசா தெளிஞ்சுது சார். கடைசியா ஒண்ணே ஒண்ணு, புரோட்டீன் வடிவத்தை கணிக்கற ஏஐ ஆல்ஃபாஃபோல்டு வந்துடுச்சே, 2024 நோபலும் கொடுத்தாச்சு, அப்போ மடிப்பு பிரச்சனை முடிஞ்சுதா? நானே ஸ்ட்ரக்சரை பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கலாம்?

செரின்195

ஆல்ஃபாஃபோல்டு வரிசையை கொடுத்தா கடைசி வடிவத்தை ரொம்ப நல்லா கணிக்குது, 2020ல காஸ்ப்ங்கிற வடிவம் கணிக்கற போட்டில எல்லாரையும் அசர வெச்சது அது தான், இப்போ 20 கோடிக்கும் மேல கணிப்புகள் இலவசமா கிடைக்குது. ஆனா எந்த வழில மடிஞ்சு அங்க வந்துதுன்னு அது சொல்லாது. வேலை செய்யறப்போ எப்படி அசையுதுங்கறதும், நாணல் சொன்ன அலைஞ்சுட்டே இருக்கிற பகுதிகளும் இன்னும் திறந்த கேள்வி தான். ஆராய்ச்சிக்கு வாங்க, எடம் நிறைய காலியா இருக்கு.

பாக்கறதுக்கு புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்துக்கு போங்க, ஒண்ணும் இன்ஸ்டால் பண்ணாமலே பிரவுசர்ல சுழட்டி பாக்கலாம். ஒவ்வொரு ஸ்ட்ரக்சருக்கும் அங்க ஒரு கோடு இருக்கும், முதல்ல 4சிஎச்ஏ, கைமோட்ரிப்சின். 57, 102, 195 மூணுக்கும் மட்டும் கலர் போடுங்க. என்சைம் தயாராகும்போது சங்கிலி வெட்டுப்படறதால 57ம் 102ம் ஒரு துண்டுலயும் 195 வேற துண்டுலயும் இருக்கும், அப்படி இருந்தும் மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்கறது தெரியும். அப்புறம் 2எச்பிஎஸ், சிக்கிள் ஹீமோகுளோபின். பீட்டா 6வது வேலினை ஒரு கலர், பக்கத்து மாலிக்யூலோட 85, 88ஐ இன்னொரு கலர். ரிப்பன் வடிவத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது, அணுக்களை முழு சைஸ்ல உருண்டையா காட்டற மோடுக்கு மாத்துங்க, அப்போ தான் செருகி இருக்கறது கண்ணுக்கு தெரியும். பாத்துட்டு வந்து இங்கயே படம் போடுங்க.